கடலோரமா பைக் ஓட்டணும்: ஈசிஆரா, தனுஷ்கோடியா, திருச்செந்தூர்–குமரியா?

எங்க ஆபீஸ்ல புதுசா சேர்ந்த பையன் போன வாரம் டீ குடிக்கறப்போ கேட்டான், "அண்ணா, மூணு நாள் சேர்ந்தாப்ல லீவு வருது, கடல் ஓரமா வண்டி ஓட்டணும், எங்க போகலாம்?" வருஷத்துக்கு நாலஞ்சு பேராவது இதையே கேட்கறாங்க, நானும் ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் கதை பேசிட்டு கடைசில "உனக்கு எது தோதுப்படுதோ பாத்துக்கோ"ன்னு முடிச்சுடறேன், அது ஒரு பதிலே இல்ல. அதான் ஒரு தடவை ஒழுங்கா எழுதி வெச்சுடலாம்னு உக்காந்தேன்.

மூணு ரோடு எடுத்துக்கறேன். ஒண்ணு, சென்னைல இருந்து பாண்டிச்சேரி போற ஈசிஆர், சுமார் 150 கிலோமீட்டர். ரெண்டு, ராமநாதபுரத்துல இருந்து பாம்பன் பாலம் ஏறி ராமேஸ்வரம், அங்கேர்ந்து தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை. மூணு, தூத்துக்குடில ஆரம்பிச்சு திருச்செந்தூர், மணப்பாடு, உவரி, கூடங்குளம் வழியா கன்னியாகுமரி. மூணுலயும் வண்டி ஓட்டியிருக்கேன் (என் சொந்த வண்டி 150 சிசி), ஈசிஆர்ல எத்தனை தடவைன்னு கணக்கே இல்ல, தனுஷ்கோடி ரெண்டு தடவை, தெக்கு ரோடு ஒரே தடவை ஆனா நாலு நாள் நிதானமா சுத்தினேன்.

கடலூர்ல இருந்து நாகப்பட்டினம், வேதாரண்யம் போற ரோட்ட ஏன் சேக்கலன்னா, தரங்கம்பாடில டேனிஷ்காரன் 1620ல கட்டின கோட்டை இருக்கு, கோடியக்கரைல காடும் பறவையும் இருக்கு, எல்லாம் அருமையான இடம்தான், ஆனா ரோடு பெரும்பாலும் வயலுக்கும் ஊருக்கும் நடுவுலதான் போகுது, கடல் வேணும்னா ஒவ்வொரு தடவையும் திரும்பி உள்ள போகணும். வேளாங்கண்ணி, நாகூர்னு கும்புட்டுட்டே போறவங்களுக்கு அது சரி.

## மொதல்ல எத வெச்சு பாக்கறது

மேப்ல ரோடு கடல ஒட்டி நீலத்துக்கு பக்கத்துலயே போற மாதிரி இருக்கும், அத நம்பி கிளம்பினா ஏமாந்துடுவீங்க. மேப்ல ஒரு நூல் அளவு இடைவெளின்னா நிஜத்துல அரை கிலோமீட்டர் சவுக்குத்தோப்பு, இல்லன்னா ரிசார்ட் காம்பவுண்டு செவுரு. அதனால என் மொத அளவுகோல் இதுதான்: சீட்ல உக்காந்தபடியே, வண்டிய நிறுத்தாம, எத்தனை கிலோமீட்டர் கடல் கண்ணுக்கு தெரியுது. இத "கடல் கிலோமீட்டர்"னு வெச்சுப்போம்.

ரெண்டாவது, அந்த கடல் கிலோமீட்டருக்காக எத்தனை கிலோமீட்டர் வெறும் ஹைவே ஓட்டணும். இதுல நீங்க இருக்கற ஊர பொறுத்து கணக்கே மாறிடும், சென்னைக்காரனுக்கு தனுஷ்கோடி அறுநூறு கிலோமீட்டர் கிட்ட, மதுரைக்காரனுக்கு இருநூறுகூட இல்ல, காலைல டிபன் சாப்ட்டுட்டு கிளம்பினா மத்தியானம் மீன் குழம்புக்கு போய் சேர்ந்துடலாம்.

மூணாவது காத்து. கார்ல போறவனுக்கு இது ஒரு விஷயமே இல்ல, பைக்குக்கு இதான் பாதி விஷயம். நாலாவது, நடுவழில வண்டி மக்கர் பண்ணினா மெக்கானிக் எவ்ளோ தூரத்துல இருக்கார். அஞ்சாவது, கிளம்பறப்போ போடற பட்ஜெட்ல வராம வீட்டுக்கு வந்தப்புறம் தெரியற செலவு.

இன்னொரு சின்ன விஷயம், இத யாரும் சொல்றதில்ல. நம்ம ஊர்ல இடது பக்கம் ஓட்டறோம், கிழக்கு கடற்கரைல வடக்குல இருந்து தெக்க போனா கடல் உங்க இடது கை பக்கம், நடுவுல எதிர் லேன் இல்ல, லாரி மறைக்காது. திரும்பி வர்றப்போ கடல் அந்தப்பக்கம் போயிடும், எதிர்ல வர்ற பஸ்ஸு காருக்கு நடுவுல எட்டி எட்டி பாக்கணும். அதனால எந்த ரோடானாலும் கடல் ஓட்டத்த போறப்போ வெச்சுக்கோங்க, வர்றப்போ வேற சீக்கிரமான வழில வந்துடுங்க.

## ஈசிஆர்: சென்னை – பாண்டிச்சேரி

இதுக்கு பேரே கிழக்கு கடற்கரை சாலை. ஆனா திருவான்மியூர்ல ஆரம்பிச்சு உத்தண்டி வரைக்கும் கடல் ஒரு துளிகூட தெரியாது, பிரியாணி கடை, பர்னிச்சர் கடை, கேட்டட் கம்யூனிட்டி, சிக்னல். மொத தடவை தண்ணிய பாக்கறது முட்டுக்காடு பாலத்துல, அதுவும் கடல் இல்ல, உப்பங்கழி, ஆனாலும் காலைல ஆறு மணிக்கு அந்த பாலத்து மேல ஏறறப்போ மூஞ்சில அடிக்கற அந்த ஈரக்காத்து இருக்கே, அதுக்காகவே நான் எத்தனையோ ஞாயித்துக்கிழமை தூக்கத்த விட்டிருக்கேன். கோவளம் தாண்டி மாமல்லபுரம் வரைக்கும் அங்கங்க சவுக்கு நடுவுல நீலமா ஒரு கோடு தெரியும். வடநெம்மேலில 1976ல ஆரம்பிச்ச முதலைப் பண்ணை இருக்கு, சாளுவன்குப்பம் புலிக்குகை இருக்கு, குழந்தைங்களோட போறவங்க அங்க நிறுத்துவாங்க, பைக்ல போறவங்க பெரும்பாலும் நிறுத்தறதில்ல.

மாமல்லபுரத்துக்கு அப்புறம் கல்பாக்கம், அங்க சதுரங்கப்பட்டினத்துல டச்சுக்காரங்க கோட்டை, அப்புறம் பாலாறு பாலம். இந்த பாலாத்துல தண்ணி பாத்தவங்க அதிர்ஷ்டசாலி. கடப்பாக்கம் கிட்ட இடது பக்கம் திரும்பினா ஆலம்பரை கோட்டை. இது பிரெஞ்சுக்காரங்க கைல இருந்து, 1760ல வெள்ளைக்காரன் புடிச்சு இடிச்சுட்டான், இப்ப மிச்சம் இருக்கறது செங்கல் செவுருதான், அது மேல உக்காந்தா ஒரு பக்கம் கழி, அதுக்கு அங்கிட்டு மணல் திட்டு, அதுக்கும் அங்கிட்டு கடல். ஈசிஆர்ல எனக்கு புடிச்ச இடம் இது ஒண்ணுதான்னு சொன்னாலும் தப்பில்ல. அடுத்து மரக்காணம் உப்பளம், ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் பாத்தி பாத்தியா தண்ணி, வெள்ளையா உப்புக்குவியல், மறைக்க ஒரு மரம் கிடையாது. கடல் இல்லாமலே கடல் ரோடு மாதிரி தெரியற எடம் அது, அதனாலேயே பக்கக்காத்தும் அங்கதான் வந்து அடிக்கும்.

மொத்தமா கூட்டினா கடல் கிலோமீட்டர் பத்துகூட தேறாது, இது என் கண்ணளவு கணக்கு, நீங்க வேணா எண்ணிப் பாருங்க.

ஆனா இந்த ரோட்டோட பலம் வேற. கிளம்பின மூணு மணி நேரத்துல பாண்டி, பஞ்சர் ஆனா எந்த ஊர்லயும் கடை, பெட்ரோல் பங்குக்கு பஞ்சமே இல்ல, டோல்ல பைக்குக்கு காசு கிடையாது, ஓரமா போயிட்டே இருக்கலாம். போக வர 320 கிலோமீட்டர்னு வெச்சா ஏழு லிட்டர் பெட்ரோல், எழுநூறு ரூபா சொச்சம். வர்றப்போ பாண்டில டேங்க நிரப்பினா லிட்டருக்கு நம்ம ஊர விட கொஞ்சம் கம்மி, அது ஒரு அல்ப சந்தோஷம்.

மறைஞ்சிருக்கற செலவு என்னன்னா, சனி ஞாயிறு. பாண்டில வெள்ளைக்கார தெரு பக்கம் ரூம் வாடகை வீக் டேல ஒரு ரேட்டு, சனிக்கிழமை அதே ரூம் அதே மெத்தை ஏறக்குறைய டபுள். ரோட்லயும் அதே கூட்டம், பதினோரு மணிக்கு மேல கோவளத்துல கார் மேல கார், நடுவுல ரேஸ் விடற பசங்க, குடிச்சுட்டு திரும்பற வண்டிங்க. சாயங்காலம் பாண்டில இருந்து சென்னை திரும்பற பக்கம் ஞாயித்துக்கிழமை நான் இப்ப போறதே இல்ல. பாண்டி சரக்கு பாட்டில பைல வெச்சு கொண்டு வந்தா எல்லைல செக் போஸ்ட், அந்த கதையெல்லாம் நான் சொல்லத் தேவையில்ல. மாமல்லபுரத்துல இருந்து பாண்டி வரைக்கும் நாலு வழி ஆக்கற வேலையும் நடந்துட்டிருக்கு, அங்கங்க டைவர்ஷன், ஜல்லி, ராத்திரில எங்க ரோடு எங்க பள்ளம்னு தெரியாது.

எப்போ இது சரி? ஒரே நாள்தான் இருக்கு, வண்டி புதுசு, லாங் ஓட்டி பழக்கமில்ல, பின்னாடி மனைவியோ தோழியோ உக்காந்து வர்றாங்க, நடுவுல பாத்ரூம் வசதி வேணும், இதுல ஏதாவது ஒண்ணு இருந்தாலும் ஈசிஆர்தான். செவ்வாய்க்கிழமை மாதிரி ஒரு நாள் லீவு போட்டு விடிகாலை அஞ்சு மணிக்கு கிளம்புங்க, ஒம்போது மணிக்கு ஆலம்பரைல இருங்க, அந்த ஈசிஆர் வேற ஈசிஆர்.

## ராமேஸ்வரம் – தனுஷ்கோடி

மூணுல சின்ன ரோடு இதான், ஆனா கேள்விய ஒழுங்கா கேட்டா பதில் இதுலதான் இருக்கு. முகுந்தராயர் சத்திரத்துல இருந்து அரிச்சல்முனை வரைக்கும் ஒம்போதரை கிலோமீட்டர், 2017ல தொறந்த ரோடு, அதுக்கு முன்னாடி மணல்ல வேன்லதான் போகணும். நேர் கோடு மாதிரி போகுது, ரெண்டு பக்கமும் கடல். இடது பக்கம் பாக் ஜலசந்தி பக்கத்து தண்ணி, குளம் மாதிரி சும்மா கெடக்கும், வலது பக்கம் மன்னார் வளைகுடா, அலை அடிச்சு கல்லு மேல தெறிக்கும். அங்க இருக்கற மீனவங்க ஒண்ண பெண் கடல்னும் இன்னொண்ண ஆண் கடல்னும் சொல்றாங்க, ரெண்டையும் ஒரே நேரத்துல தலைய திருப்பித் திருப்பி பாத்துட்டே ஓட்டறது வேற எங்கயும் கிடைக்காது. இதோட பாம்பன் ரோடு பாலம், 1988ல தொறந்தது, ரெண்டே கால் கிலோமீட்டருக்கு மேல. கூட்டினா பன்னெண்டு கடல் கிலோமீட்டர் கிட்ட, அதுல ஒரு மீட்டர்கூட செவுரு மறைக்காது.

இந்த பன்னெண்டு கிலோமீட்டருக்கு சென்னைல இருந்து போக வர ஆயிரத்து நூறு கிலோமீட்டருக்கு மேல. பெட்ரோல் மட்டும் ரெண்டாயிரத்து எழுநூறு ரூபா கிட்ட ஆகும், ஒரு கடல் கிலோமீட்டருக்கு 225 ரூபா! ஆட்டோக்காரர்கூட அவ்ளோ கேட்க மாட்டார். அதுக்கும் மேல, திருச்சி வழியா நாலு வழி ரோட்ல நாள் பூரா நேரா ஓட்டறது இருக்கே, 150 சிசி வண்டில எழுபது எழுபத்தஞ்சுல போனா சாயங்காலம் உள்ளங்கை மரத்துப் போயிடும். ரெண்டாவது தடவை நான் அந்த முட்டாள்தனத்த பண்ணல, ராத்திரி ரயில்ல ஏறி காலைல ராமேஸ்வரம் எறங்கி, அங்க ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்துட்டேன். வாடகை வண்டி எடுக்கறப்போ பிரேக்கையும் டயரையும் பாத்துட்டு, இருக்கற கீறலையெல்லாம் போன்ல போட்டோ எடுத்துட்டு கிளம்புங்க. "என் வண்டியே வேணும்"னு அடம் புடிக்கறவங்க ரயில் பார்சல்ல போடலாம், பெட்ரோல காலி பண்ணணும், ஆர்சி காப்பி குடுக்கணும், சாக்கு சுத்தறதுக்கு தனி காசு, வண்டி நீங்க போற ரயில்லயே வரும்னும் சொல்ல முடியாது.

காத்த பத்தி கொஞ்சம் நின்னு சொல்லணும். பழைய பாம்பன் ரயில் பாலத்துல, அதான் 1914ல தொறந்த பாலம், காத்து மணிக்கு 58 கிலோமீட்டர தாண்டினா ரயில விட்டதில்ல. 2025 ஏப்ரல்ல பக்கத்துலயே புது ரயில் பாலம் தொறந்துட்டாங்க, அது நடுவுல லிப்ட் மாதிரி அப்படியே மேல ஏறும். ரயிலயே நிறுத்தற காத்துன்னா நம்ம நூத்தம்பது கிலோ வண்டி எம்மாத்திரம்னு யோசிச்சுக்கோங்க. ரோடு பாலத்துல வண்டிய லேசா காத்து பக்கம் சாச்சு ஓட்டிட்டே போவோம், பக்கத்துல ஒரு டூரிஸ்ட் பஸ் வந்தா அது காத்த மறைச்சுடும், வண்டி பஸ் பக்கம் இழுக்கும், பஸ் தாண்டினதும் மறுபடி பட்டுனு ஒரு அறை விழும். மொத தடவை எனக்கு அங்க நெஞ்சு அடைச்சுது. வேகத்த நாப்பதுக்கு கொண்டு வாங்க, ஹேண்டில இறுக்கிப் புடிக்காதீங்க, முட்டியால டேங்க புடிங்க, அவ்ளோதான். பாலத்து மேல நிறுத்தக்கூடாதுன்னு போர்டு இருக்கு, எல்லாரும் நிறுத்திதான் செல்பி எடுக்கறாங்க, நீங்க பண்ணாதீங்க, பின்னாடி வர்ற லாரிக்காரனும் கடலதான் பாத்துட்டு வர்றான்.

அரிச்சல்முனைல எனக்கு நடந்தது. ரோடு முடியற வளைவுல அசோகத் தூண் பக்கம் ஏகப்பட்ட வேன், எடமில்லன்னு ஓரமா மணல்ல வண்டிய சைடு ஸ்டாண்ட் போட்டு நிறுத்திட்டு தண்ணி பக்கம் போனேன், பத்து நிமிஷம் கழிச்சு வந்து பாத்தா வண்டி மெதுவா, யாரும் தொடாமலே, படுத்துட்டுது. ஸ்டாண்ட் கால் மணல்ல எறங்கியிருக்கு. கிளட்ச் லிவர் பாதில ஒடைஞ்சு கெடக்கு. பக்கத்துல சங்கு பாசி விக்கற அக்கா சிரிச்சுட்டே, "ஒரு பலகைத் துண்டு கேட்டிருந்தா குடுத்திருப்பேனே தம்பி, தினம் ரெண்டு வண்டி இப்படித்தான் விழுகுது"ன்னாங்க. மிச்சம் இருந்த ரெண்டு இஞ்சு லிவர ஒரு விரலால புடிச்சு, கியர் மாத்தறத முடிஞ்ச வரைக்கும் தவிர்த்து, இருபது கிலோமீட்டருக்கு மேல ராமேஸ்வரம் வரைக்கும் வந்தேன். நடுவுல ஒரு மெக்கானிக் கடை கிடையாது, பங்க் கிடையாது. லிவர் என்னமோ சில நூறு ரூபாதான், ஆனா அன்னிக்கு சூரிய அஸ்தமனம் போச்சு. அதுக்கப்புறம் என் பேக்ல எப்பவும் ஒரு ஸ்பேர் கிளட்ச் லிவரும், ஸ்டாண்டுக்கு அடில வைக்க ஒரு தட்டையான பிளாஸ்டிக் மூடியும் இருக்கு.

சாயங்காலம் ஆயிட்டா போலீஸ் உள்ள விடமாட்டாங்க, உள்ள இருக்கறவங்களையும் கிளப்பிடுவாங்க, அதனால அஸ்தமனத்த நம்பி போறத விட விடிகாலைல போறது நல்லது. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல்ல போன ஊரு அது, சர்ச் செவுரும் ஸ்டேஷன் இடிபாடும் காலை வெளிச்சத்துல நிக்கறப்போ அங்க சத்தமா பேசவே தோணாது, பத்து மணிக்கு மேல வேன் வேனா கூட்டம் வந்துடும். குளிக்க எறங்காதீங்க, அரிச்சல்முனைல நீரோட்டம் மோசம். ஜனவரி, பிப்ரவரி மாசம் போனா தேங்கின தண்ணில பூநாரை கூட்டமும் பாக்கலாம். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் காத்துல மணல் ரோட்டு மேலயே ஏறிடும், தார் மேல மெல்லிசா மணல்னா பிரேக் புடிச்சா என்ன ஆகும்னு தெரியும்ல.

## தூத்துக்குடி – திருச்செந்தூர் – கன்னியாகுமரி

இதுக்கு யாரும் என்கிட்ட வழி கேட்டதே இல்ல, நானாத்தான் தள்ளி விடுவேன். தூத்துக்குடில இருந்து திருச்செந்தூர் 40 கிலோமீட்டர், அங்கேர்ந்து கன்னியாகுமரி ஒரு தொண்ணூறு கிலோமீட்டர் கிட்ட. சென்னைல இருந்து தூத்துக்குடி அறுநூறு கிலோமீட்டர், அதனால இதுவும் ராத்திரி ரயில் கேஸுதான், ஆனா ராமேஸ்வரம் மாதிரி எறங்கின உடனே வாடகை வண்டி கிடைக்கும்னு நம்பிப் போகாதீங்க, முன்னாடியே போன் பண்ணி உறுதி பண்ணிக்கோங்க, இல்ல திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம் சொந்தக்காரன் வண்டி இருந்தா கேளுங்க. நான் என் மச்சான் வண்டியத்தான் எடுத்தேன், அதுக்கு விலை தனி, இன்னிக்கு வரைக்கும் சொல்லிக் காட்டறான்.

கடல் கிலோமீட்டர் கணக்குல இந்த ரோடு பெருசா ஒண்ணும் இல்ல, நேர்மையா சொல்லிடறேன். ரோடு கடல விட்டு தள்ளியே போகுது, நடுவுல பனங்காடு, முருங்கத் தோட்டம், ஊரு. ஆனா ஒவ்வொரு ஊர்லயும் இடது பக்கம் ஒரு கிளை ரோடு, ரெண்டு மூணு கிலோமீட்டர் போனா நேரா கடல்ல போய் முடியும். அதான் இந்த ரோட்டோட விளையாட்டே. மெயின் ரோட்ல விறுவிறுன்னு போயிட்டா திருச்செந்தூர்ல இருந்து ரெண்டு மணி நேரத்துல கன்னியாகுமரி வந்துடும், எதுவும் பாத்திருக்க மாட்டீங்க. திரும்பித் திரும்பி போனா ரெண்டு நாள் பத்தாது.

தூத்துக்குடிய விட்டு வெளிய வந்ததும் உப்பளம், அப்புறம் முக்காணி கிட்ட தாமிரபரணி கடலுக்கு போற கடைசி தூரம், ஆத்தூர் வெத்தலைக் கொடிக்கால், காயல்பட்டினம். வறண்ட பக்கம்னு நெனச்சுட்டு போனவன் அந்த பச்சையப் பாத்து வண்டிய ஸ்லோ பண்ணிட்டேன். திருச்செந்தூர்ல கோயிலே கடல் மேல நிக்குது, அதப் பத்தி நான் புதுசா சொல்ல என்ன இருக்கு. குலசேகரப்பட்டினம் தசராவுக்கு வேஷம் கட்டி வர்ற கூட்டம் உங்களுக்கு தெரியும், இப்ப அங்க இஸ்ரோ ரெண்டாவது ராக்கெட் ஏவுதளம் கட்டறாங்க, 2024 பிப்ரவரில அடிக்கல் நாட்டினது.

மணப்பாடு. இதுக்காகத்தான் இந்த ரோட்ட லிஸ்ட்லயே வெச்சேன். மணல் குன்று ஒண்ணு கடலுக்குள்ள நீட்டிட்டு நிக்குது, அது உச்சில திருச்சிலுவை ஆலயம், 1581ல கட்டினது, கீழ சவேரியார் தங்கியிருந்த குகை. குன்று மேல ஏறி நின்னா ஒரு பக்கம் வளைஞ்சு போற கரை, வரிசையா படகு, அந்தப்பக்கம் வெறும் தண்ணி. கீழ வலை பின்னிட்டிருந்த ஒரு பெரியவர்கிட்ட உவரிக்கு எவ்ளோ நேரம் ஆகும்னு கேட்டேன், அவர் வழிய விட்டுட்டு, அங்க கச்சான்னு சொல்ற மேக்குக் காத்தப் பத்தி சொன்னார்: "கச்சான் எடுத்துட்டு தம்பி. பதினோரு மணிக்கு மேல வண்டில போனியள்னா மண்ணத்தான் தின்னணும்." நான் தலையாட்டிட்டு, டீ குடிச்சு, போட்டோ எடுத்து, பதினொன்னரைக்குத்தான் கிளம்பினேன். தேரின்னு சொல்ற செம்மணல் மேட்டு பக்கம் வர்றப்போ ஹெல்மெட் கண்ணாடிய எறக்கியும் பல்லுல நறநறன்னு மணல். அது ஜூன் மாசம். கச்சான் காத்து காலைல கொஞ்சம் அடங்கியிருக்கும், வெயில் ஏற ஏற அதுவும் ஏறும், கூடங்குளத்துல இருந்து குமரி வரைக்கும் பாக்கற காத்தாடியெல்லாம் சும்மாவா நட்டு வெச்சிருக்காங்க.

உவரில கப்பல் வடிவத்துல ஒரு மாதா கோயில், அந்தோணியார் கோயில், கொஞ்சம் தள்ளி சுயம்புலிங்க சாமி கோயில், எல்லாம் கடல பாத்தபடி ஒரே மண்ணுல. கன்னியாகுமரி நெருங்கறப்போ வட்டக்கோட்டைல நிறுத்துங்க, கோட்டை மேல இருந்து ஒரு பக்கம் கடலும் இன்னொரு பக்கம் மலையும் தெரியும். கன்னியாகுமரில 133 அடி வள்ளுவர் சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் நடுவுல 2024 டிசம்பர் கடைசில கண்ணாடிப் பாலம் தொறந்திருக்காங்க, போட்டுக்கு நிக்கற கியூவ பாத்தா அரை நாள் போயிடும், முடிவு உங்களோடது.

மறைஞ்ச செலவு இங்க காசு இல்ல, நேரம். எல்லா கிளை ரோடும் மணல்ல போய் முடியுது, எல்லா ஊர்லயும் யாராவது பேச்சு குடுப்பாங்க. உடன்குடில கருப்பட்டி வாங்க நின்னா, சீசனா இருந்தா பதநீ குடிக்க வெச்சுதான் அனுப்புவாங்க, தூத்துக்குடில மக்ரூன் டப்பா, அத பைக்ல கட்டி கொண்டு வந்தா வீட்ல தூளாத்தான் கெடைக்கும். ஏப்ரல் மே மாசத்துல இன்னொரு ஆபத்து, கள்ளக்கடல். உள்ளூர்ல காத்தே இருக்காது, வானம் தெளிவா இருக்கும், எங்கயோ தெக்க இந்தியப் பெருங்கடல்ல எழும்பின அலை திடீர்னு கரைக்கு மேல ஏறி வரும். எச்சரிக்கை குடுத்திருக்காங்களான்னு பாத்துட்டு போங்க, வண்டிய தண்ணி பக்கம் நிறுத்தி போட்டோ எடுக்கற பழக்கத்த அந்த நாள்ல விட்டுடுங்க.

## ஒரே பார்வைல

| | ஈசிஆர் | தனுஷ்கோடி | திருச்செந்தூர்–குமரி |
|---|---|---|---|
| சென்னைல இருந்து | வாசல்லயே | சுமார் 560 கிமீ (ராமேஸ்வரம் வரைக்கும்) | சுமார் 600 கிமீ (தூத்துக்குடி வரைக்கும்) |
| கடல் கிலோமீட்டர் (என் கணக்கு) | பத்துக்குள்ள, துண்டு துண்டா | பன்னெண்டு, முழுசா | கம்மி, ஆனா கிளை ரோடு நெறய |
| தேவையான நாள் | 1 | சென்னைல இருந்து 3, மதுரைல இருந்து 2 | 3, நிதானமா 4 |
| காத்து | மரக்காணத்துல மட்டும் | பாலத்துலயும் மணல் ரோட்லயும் மோசம் | ஜூன்–செப்டம்பர் ரொம்ப மோசம் |
| வண்டி நின்னா | எங்கயும் ஆள் இருக்கு | ராமேஸ்வரம் தாண்டினா யாரும் இல்ல | ஊருக்கு ஊரு கடை உண்டு |
| தனியா போகலாமா | தாராளமா | போகலாம், பகல்ல | போகலாம், அதான் நல்லது |
| பெரிய தலைவலி | சனி ஞாயிறு கூட்டம் | வெட்டி ஹைவே | நேரம் |

ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும் மூணுக்குமே நல்ல மாசம். அக்டோபர் நவம்பர்ல மழையோட விளையாடாதீங்க, புயல் சின்னம்னு நியூஸ்ல வந்தா ரெயின்கோட் வெச்சு சமாளிக்கலாம்னு நெனைக்காம டிக்கெட்ட கேன்சல் பண்ணுங்க.

## அப்ப நான் என்ன சொல்றேன்

கையில ஒரு நாள்னா யோசிக்காம ஈசிஆர், வீக் டே. சென்னைல இருந்து தனுஷ்கோடிக்கு சொந்த வண்டில ஓட்டிட்டு போறத நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், "அறுநூறு கிலோமீட்டர் ஓட்டினேன்"னு சொல்லிக்கறதுதான் ஆசைன்னா அது வேற, அதுக்கு கடல் எதுக்கு, ஓசூர் பக்கம் போனாலும் ஆகும். ரயில்ல போய் வாடகை ஸ்கூட்டர், இதான் அங்க புத்திசாலித்தனம், ஸ்கூட்டர்ல ஒம்போதரை கிலோமீட்டர நாப்பதுல ஓட்டினா கால் மணி நேரம், அந்த கால் மணி நேரத்துக்கு அந்த ரோட்டுக்கு ஈடு இந்த மூணுல இல்ல. மதுரை, ராமநாதபுரம், காரைக்குடி ஆளுங்களுக்கு இந்த கேள்வியே இல்ல, நாளைக்கே கிளம்புங்க.

ஆனா வண்டி ஓட்டறதே புடிக்கும், நிறுத்தி நிறுத்தி போகப் புடிக்கும், கூட வர்றவங்க "இன்னும் எவ்ளோ தூரம்"னு கேட்காத ஆளுங்கன்னா, திருச்செந்தூர் ரோடு. கடல் கம்மியா தெரியும்னு நானே சொன்னேன், அப்புறமும் மறுபடி போகணும்னு எனக்கு தோணறது இந்த ரோடுதான், ஏன்னு கேட்டா மணப்பாட்டு பெரியவரத்தான் சொல்லுவேன். இன்னொரு தடவை காலைல ஆறு மணிக்கே கிளம்பி அவர் சொன்ன மாதிரி ஓட்டிப் பாக்கணும்.

ஆபீஸ் பையன் இதெல்லாம் கேட்டுட்டு, "அண்ணா, என் வண்டி இன்னும் மொத சர்வீஸே விடல"ன்னான். அப்ப ஈசிஆர் போடான்னு அனுப்பிட்டேன், ஆலம்பரைல உக்காந்து போட்டோ அனுப்பினான், பின்னாடி ஹெல்மெட் இல்லாம நிக்குது ஒரு நண்பர் கூட்டம், அதுக்கு தனியா திட்டினேன்.

## எந்த ரோடானாலும் வீட்டுக்கு வந்ததும்

இத யாரும் செலவுல சேக்கறதில்ல. உப்புக்காத்து பட்ட வண்டி ரெண்டு நாள்ல ஒண்ணும் ஆகாது, ரெண்டு மாசம் கழிச்சு செயின்ல பழுப்பு, சைலன்சர் போல்ட்ல துரு, சைடு ஸ்டாண்ட் ஸ்பிரிங் கிறீச்சுன்னு சத்தம். செயின் ஸ்பிராக்கெட் செட் மாத்தினா ஆயிரம் ரெண்டாயிரம் போயிடும். வந்த அசதில படுத்துடாதீங்க, ஒரு பக்கெட் நல்ல தண்ணி எடுத்து, போர் தண்ணி உப்பா இருந்தா அது வேணாம், மேல இருந்து கீழ ஊத்தி கழுவுங்க, வேகமா பீச்சி அடிக்காதீங்க, மணல் பேரிங்குக்குள்ள போயிடும். செயின டீசல் தொட்ட துணியால தொடச்சு, காஞ்சப்புறம் செயின் ஆயில் விடுங்க. டிஸ்க் பிரேக் பக்கம் ஆயில் படக்கூடாது. அப்புறம் ஷூவ வாசல்லயே தட்டுங்க, அரிச்சல்முனை மணல் எங்க வீட்டு மெத்தைக்குள்ள இன்னும் இருக்குன்னு எங்க வீட்ல சொல்லிட்டே இருக்காங்க.